பஸ்ஸில் போகும் பிள்ளைக்கு ஒரு ஹேன்ட்ஸ்ப்ரீ

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை வீட்டில் கேட்கும் முதல் பொருள் பெரும்பாலும் ஹெட்போனாகத்தான் இருக்கிறது. இனிக் கோர்ஸுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். வழியில் கேட்க ஏதாவது வேண்டும். வாப்பா கேட்பது, "எவ்வளவு?" நானா கேட்பது, "பேஸ் எப்படி?" உம்மா கேட்பது, "அதக் காதுல போட்டுக்கிட்டா ரோட்டுல நடக்கப் போற?" மூன்றும் கேட்கவேண்டிய கேள்விகள்தான்; உம்மாவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். ஆனால் வாங்கும் முன் முதலாவதாகக் கேட்க வேண்டியது வேறொன்று என்பது என் அபிப்பிராயம். ஓடும் பஸ்ஸுக்குள் இதில் ஒருவர் பேசுவது விளங்க வேண்டுமானால், சத்தத்தை எவ்வளவு கூட்ட வேண்டிவரும்?

பாடசாலைக்கு போன் கொண்டுவருவது பற்றி நான் இங்கு பேசவில்லை. அது கூடாது என்றால் கூடாதுதான். நான் பேசுவது பாடசாலை வாழ்வை முடித்துக்கொண்டோ முடிக்கும் தறுவாயிலோ இருக்கும் தங்கைகளிடமும், அவர்களுக்கு முதல் ஹெட்போனை வாங்கிக் கொடுக்கப் போகும் பெற்றோரிடமும். நம் வீடுகளில் அதற்கு ஹேன்ட்ஸ்ப்ரீ என்றுதான் பெயர். நானும் இடையிடையே அப்படியே எழுதுகிறேன்.

பாணந்துறையிலிருந்து காலி வீதி வழியாகக் கொழும்புக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். சில வருடங்களாக அதில்தான் போய்வருகிறேன். எஞ்சின் உறுமல் ஒரு புறம். திறந்த ஜன்னல் வழியே வரும் ஹோர்ன் இன்னொரு புறம். மொரட்டுவை தாண்டியதும் கொண்டக்டரின் "கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்ற கூவல். இவை போதாதென்று, சாரதியின் விருப்பப் பாட்டுகள் தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கரில் அதிரும். இப்படிப்பட்ட இடத்தில் காதில் சும்மா தொங்கும் ஒரு ஹேன்ட்ஸ்ப்ரீயைப் போட்டுக்கொண்டு ஒரு விரிவுரைப் பதிவைக் கேட்க முயன்று பாருங்கள். வீட்டில் பாதி அளவில் தெளிவாகக் கேட்டது இங்கே கேட்காது. கை தானாக சத்தத்தைக் கூட்டும். போன் "இது காதுக்குக் கேடு" என்று எச்சரிக்கை காட்டும். சரி என்று அதையும் அழுத்திவிட்டு இன்னும் கூட்டுவோம். பஸ்ஸின் இரைச்சல் குறையவில்லை. அதற்கு மேலே இன்னொரு இரைச்சலை நாமே காதுக்குள் ஊற்றுகிறோம்.

இதில் இருக்கும் ஆபத்தை உலக சுகாதார ஸ்தாபனம் கணக்காகவே சொல்லியிருக்கிறது. வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். சிறுவர்களுக்கு அந்த அளவு 75 டெசிபல். ஆனால் டெசிபல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலிச் சக்தி இரண்டு மடங்காகிவிடும்; ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10. 90 டெசிபலுக்கு வரும்போது வாரம் முழுவதற்குமே 4 மணித்தியாலம்தான். போகவும் வரவும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்கும் பிள்ளை 90இல் வைத்துக் கேட்டால், செவ்வாய்க்கிழமை மாலை வீடு வரும்போதே அந்த வாரத்தின் பங்கு முடிந்துவிட்டது. புதனும் வியாழனும் வெள்ளியும் கடன்.

அந்தக் கடனை யார் அடைப்பது? உட்காதில் ஒலியை உணரும் மயிர்க் கலங்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் அளவில்தான் இருக்கின்றன. தலைமுடி போல அவை மீண்டும் முளைப்பதில்லை. போனது போனதுதான். அதுவும் ஒரே நாளில் போவதில்லை. முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை மங்கும். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அதற்குப் பல வருடம் எடுக்கும் என்பதால், இருபது வயதில் யாருக்கும் இது ஒரு பிரச்சினையாகத் தெரிவதில்லை. 12 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிக் கேட்பதால் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அதே ஸ்தாபனம் சொல்கிறது.

ஆகவே எனக்கு நல்ல ஹெட்போன் என்றால், பஸ்ஸிலும் குறைந்த சத்தத்தில் கேட்க விடுவது. அதற்கு வழி வெளி இரைச்சலை வெளியிலேயே நிறுத்துவது. விலை, நிறம், பெயர், பேஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கண்ணோடு கடையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

காதின் வெளிப்பள்ளத்தில் சும்மா உட்காரும் கட்டைப் பிளாஸ்டிக் வகை ஒன்று உண்டு. பழைய போன்களோடு பெட்டியில் வந்தது அதுதான். காதை அது அடைப்பதில்லை. அதனால் வீட்டில் இதமாக இருக்கும், பஸ்ஸில் உதவாது. இன்னொன்று, நுனியில் மென்மையான ரப்பர் மூடியோடு காதுத் துவாரத்துக்குள் சற்றுப் போய் அமர்வது. அளவு சரியாக இருந்தால் அந்தச் சின்ன ரப்பர் 15, 20 டெசிபல் இரைச்சலை வாசலிலேயே நிறுத்திவிடும். மேலே சொன்ன கணக்கில் 15 டெசிபல் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்று நீங்களே பாருங்கள். மின்கலமும் இல்லை, மந்திரமும் இல்லை, ஒரு ரப்பர் மூடி. நானாமாரின் பேஸ் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. காதோடு ஒட்டாத ஹேன்ட்ஸ்ப்ரீயில் முதலில் கசிந்து போவது கனத்த ஒலிதான். "இதில் பேஸ் இல்லை" என்று குறை சொல்லப்படும் பல ஹேன்ட்ஸ்ப்ரீகளில் இல்லாதது சரியான அளவு ரப்பர் மூடி.

தலைக்கு மேலால் வளைந்து காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போன் பார்க்க அழகாக இருக்கும். விளம்பரங்களில் அதைப் போடும் பெண்கள் யாரும் ஹிஜாப் அணிந்தவர்களாக இல்லை. இது குறையல்ல, நடைமுறை விஷயம். அந்த ஹெட்போன் இரைச்சலைத் தடுப்பது அதன் மெத்தை தோலோடு ஒட்டியிருப்பதால். இடையில் இரண்டு மடிப்புத் துணி வந்தால் ஒட்டாது. வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே இருப்பது வெளியே கசியும், பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் நமது பாடத்தை நம்மோடு சேர்ந்து படிப்பார். சரி, ஹிஜாபுக்கு உள்ளே போட்டால்? மார்ச் மாதத்தில் நெரிசல் பஸ்ஸில் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். வீட்டில் மேசையில் இருந்து படிக்க அது நல்ல பொருள்தான். பயணத்துக்கு, நம் பிள்ளைகளுக்கு, நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இப்போது எல்லோரும் கேட்பது வயரே இல்லாத இரண்டு சிறு மணிகள். போனில் வயர் மாட்டுவதில்லை, சிக்கு எடுக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் ஹிஜாபுக்குள் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. பெரும்பாலானவற்றை விரலால் தட்டித்தான் நிறுத்தவும் தொடங்கவும் வேண்டும். துணி உரசினால் அதுவே தட்டியது போலாகி, பாதிப் பாடத்தில் நின்றுவிடும் அல்லது யாருக்காவது அழைப்புப் போய்விடும். நாம் வேண்டுமென்று தட்டும்போதோ துணி தடுக்கும். ஹிஜாபைச் சரிசெய்யும்போது ஒன்று நழுவி விழுந்தால், நெரிசலில் நிற்பவர்களின் கால்களுக்கிடையில் அதைத் தேடுவது நடக்கிற காரியமா? ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்குவது மலிவானவற்றில் ஏறக்குறைய முடியாது. அதன் உள்ளே இருக்கும் மின்கலம் கடுகளவு. இரண்டு மூன்று வருடத்தில் அது களைத்துவிடும், மாற்ற வழியில்லை. முதல் ஹெட்போனாக இதை வாங்க வேண்டாம் என்கிறேன். இரண்டாவதாக, சொந்தச் சம்பளத்தில், தாராளமாக வாங்குங்கள்.

சுற்றுப்புறச் சத்தத்தை மின்சாரத்தால் அழிக்கும் வசதி பற்றியும் ஒரு வார்த்தை. வெளிச் சத்தத்தை ஒரு சிறு மைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அடக்குவதுதான் அதன் வேலை. 1978இல் அமர் போஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் இரைச்சலால் எதையும் சரியாகக் கேட்க முடியாமல், அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். விமானத்தில் பிறந்த யோசனை என்பதால் விமான இரைச்சல் போல மாறாமல் முழங்கும் கனத்த ஒலியை அது நன்றாக அடக்கும். பஸ் எஞ்சினையும் ஓரளவு அடக்கும். திடீரென வரும் ஹோர்னையும் கொண்டக்டரின் குரலையும் அவ்வளவாக அடக்காது. நல்லதாக வேண்டுமானால் விலை மிகக் கூடும். மலிவானதில் பெட்டியில் எழுதியிருப்பதுதான் மிச்சம். முதல் வருடத்துக்கு ரப்பர் மூடி போதும்.

நான் சொல்வது வயர் வைத்த, ரப்பர் மூடி போட்ட, வயரில் ஒரு பட்டன் உள்ள சாதாரண ஹேன்ட்ஸ்ப்ரீயை. சார்ஜ் தீராது. தொலைந்தால் வீட்டில் பெரிய கலவரம் வராது. வயர் மற்றவர்களின் பையில் சிக்கும் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான குறை. இங்கேதான் ஹிஜாப் நமக்கு உதவுகிறது. வயரைக் கழுத்துப் பக்கமாக உள்ளால் விட்டு, பட்டன் மட்டும் நெஞ்சுக்கு மேலே கைக்கு எட்டும்படி வெளியே வைத்துக்கொண்டால் யாருடைய பையிலும் சிக்காது. ஊசி குத்தும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வயருக்குக் குறுக்கே ஊசி ஏறினால் ஒரு காது ஊமையாகிவிடும். பட்டன் ஏன் முக்கியம் என்றால், கொண்டக்டர் மீதிக்காசு தர வரும்போதோ, பக்கத்தில் ஒரு வயதான உம்மா "இது தெஹிவளையா மகள்?" என்று கேட்கும்போதோ, ஹிஜாபுக்குள் கைவிட்டு எதையும் கழற்ற முடியாது. பட்டனை ஒரு தடவை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும்.

இப்போதைய பல போன்களில் வயர் செருகும் வட்டத் துவாரமே இல்லை. 2016இல் ஐபோன் 7 அதை எடுத்துவிட்ட பிறகு மற்றக் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தன. அப்படியானால் டைப் சி முனையுள்ள ஹேன்ட்ஸ்ப்ரீ கிடைக்கிறது. எல்லா டைப் சியும் எல்லா போனிலும் வேலை செய்யாது என்பதால் கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் கழுத்தில் மாலை போல விழும் புளூடூத் வகை இருக்கிறது. இரண்டு காதும் வயரால் கழுத்துப் பட்டியோடு இணைந்திருப்பதால் தொலையாது, மின்கலமும் பெரிது, பட்டன்கள் கழுத்தடியில் இருக்கும். ஏனோ இதை இப்போது பழைய பாஷன் என்கிறார்கள். ஹிஜாப் அணிபவருக்கு இதைவிடப் பொருத்தமான வயரில்லா வகை எனக்குத் தெரியவில்லை.

இனி உம்மாவின் கேள்வி.

அந்தப் பயம் நியாயமானது. காதில் ஹேன்ட்ஸ்ப்ரீயோடு தண்டவாளத்தில் நடந்து ரயிலில் அடிபட்ட இளைஞர்களைப் பற்றிய செய்திகள் நம் பத்திரிகைகளில் புதியவை அல்ல. கரையோரப் பாதையில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும், தண்டவாளம் என்பது பலருக்குக் கடற்கரைக்குப் போகும் குறுக்கு வழி. அங்கே நடப்பது சட்டப்படியே குற்றம். கடல் இரைச்சலும் காற்றும் சேர்ந்தால் வெறும் காதுக்கே கோச்சி வருவது தாமதமாகத்தான் கேட்கும். காதை அடைத்துக்கொண்டால் சொல்லத் தேவையில்லை.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று கூடுகிறது. ஹிஜாபுக்குள் ஹேன்ட்ஸ்ப்ரீ போட்டிருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. மற்றவர் காதில் வெள்ளை வயர் தொங்குவதைப் பார்த்து ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி "இவருக்குக் கேட்காது" என்று விலகிப் போகக்கூடும். நம்மைப் பார்த்தால் அவருக்கு அது விளங்காது. ஹோர்ன் அடித்ததும் ஒதுங்குவோம் என்று நம்பி வருவார். தெரியாமல் கேட்பது வசதி என்று நினைக்கும் தங்கைகள் இதை யோசிக்க வேண்டும்.

இதற்கு மருந்தாகச் சிலர், சத்தம் உள்ளே வரும் திறந்த வகையையே வாங்கிக் கொடுங்கள், ரோட்டுச் சத்தமும் கேட்குமே என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே ஹேன்ட்ஸ்ப்ரீதானே பஸ்ஸுக்குள்ளும்? அங்கே கூட்டி வைத்த சத்தத்தை இறங்கும்போது யார் குறைக்கிறார்கள்? முழுச் சத்தத்தில் ஓடும் திறந்த ஹேன்ட்ஸ்ப்ரீயும் ரோட்டை மறைக்கத்தான் செய்யும். இரண்டு பாதுகாப்பையும் ஒரே பொருளுக்குள் தேடுவதால் வரும் குழப்பம் இது. செவிக்குப் பாதுகாப்பு ரப்பர் மூடியில் இருக்கிறது. ரோட்டில் பாதுகாப்பு எந்த ஹேன்ட்ஸ்ப்ரீயிலும் இல்லை. அதைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. ஆசனத்தில் அமர்ந்த பிறகு போடுவது, இறங்க எழும்பும் முன் கழற்றிப் பைக்குள் வைப்பது. மிதிபலகையில் நிற்கும் நாளில் போடுவதே இல்லை. ஒரு காதில் மட்டும் போட்டு நடக்கலாம் என்ற சமாதானமும் எனக்கு ஏற்பில்லை. வாகனம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று மூளை அறிவது இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் வித்தியாசத்தை வைத்து. ஒன்றை அடைத்தால் ஹோர்ன் கேட்கும், திசை தெரியாது.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஹேன்ட்ஸ்ப்ரீ போட்டிருக்கும் எல்லாப் பெண்பிள்ளைகளும் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பதில்லை. சிலருடைய போனில் எதுவுமே ஓடிக்கொண்டிருக்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெயர் கேட்டு, ஊர் கேட்டு, போன் நம்பர் கேட்கும் ஆளுக்கு "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லாமல் சொல்லும் வழி அது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியதாகச் சொன்ன பெண்கள் 100க்கு 90 பேர். இந்த எண்ணைப் படித்துவிட்டு, ஹேன்ட்ஸ்ப்ரீயை வெறும் பாட்டுப் பைத்தியத்தின் அடையாளமாக யாரும் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு அது ஒரு சின்ன வேலி. ஆனால் வேலி போட்டுக்கொண்டவள் வெளியே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் மூடியும் பட்டனும் குறைந்த சத்தமும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சத்தமாகப் பாட்டில் மூழ்கியிருப்பவளுக்குப் பின்னால் நிற்பவனின் அசைவு தெரியாது. இரவு ஏழு மணி பஸ்ஸில் ஆசனங்கள் வெறுமையாகிக்கொண்டு வருவதும் தெரியாது. சனம் குறைந்த பஸ்ஸில் அதை நிறுத்தி வையுங்கள்; வேலியாக வேண்டுமானால் வெறுமனே காதில் இருக்கட்டும்.

"வீட்டிலயும் அதப் போட்டுக்கிட்டே இருக்கா, கூப்பிட்டாக் கேட்கிறதில்ல" என்பது பெற்றோரின் இன்னொரு முறைப்பாடு. இது புதிதல்ல. 1979இல் சோனி கம்பனி வோக்மேனைக் கொண்டுவந்தபோது, தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாக இருக்குமே என்ற கவலை அதன் தலைவர் அக்கியோ மொரிட்டாவுக்கே வந்தது. அதனால் முதல் வோக்மேனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துவாரம் வைத்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தவரோடு பேச ஒரு பட்டனும் மைக்கும் கூட இருந்தன. ஆக, உம்மாமாரின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. அதற்கு வீட்டு வாசலில் ஒரு வழக்கம் வைத்தால் போதும். சப்பாத்தைக் கழற்றும் இடத்தில் ஹேன்ட்ஸ்ப்ரீயையும் கழற்றுவது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தங்கச்சி முதலில் முகம் சுழித்தாள், இப்போது பழகிவிட்டாள்.

தடை மட்டும் பலன் தராது. தடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தோழியிடம் இரவல் வாங்கிப் போடுவாள். மற்றவர் காதில் இருந்ததை அப்படியே தன் காதில் செருகுவது காதுத் தொற்றுக்கும் ஒரு வழி. வாங்கினாலும் மறைத்து வாங்குவாள். மறைத்து வாங்குவது எப்போதும் ஆக மலிந்த, காதோடு ஒட்டாத ஒன்றாகத்தான் இருக்கும். வாப்பாவோ உம்மாவோ கூடவே கடைக்குப் போவதுதான் நல்லது. போனின் செட்டிங்ஸில் ஹெட்போன் சத்தத்துக்கு ஒரு மேல் எல்லை வைக்கும் வசதி ஐபோனிலும் சாம்சங்கிலும் இருக்கிறது. வாங்கிய அன்றே மகளும் நீங்களும் சேர்ந்திருந்து அதை வைத்துவிடுங்கள். சேர்ந்து என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தெரியாமல் வைத்த எல்லையை எடுத்துவிட அவளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வாப்பாவின் கேள்விக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பாதையோரத்தில் கொத்தாகத் தொங்கும் ஆக மலிந்ததும் வேண்டாம். அதில் வயர் போனில் செருகும் இடத்தில் சில வாரத்தில் உள்ளே அறுந்துவிடும். பஸ்ஸில் கேட்பதற்கென்றே ஒரு மாதச் செலவைக் கொட்டவும் வேண்டாம். அந்த இரைச்சலில் விலை கூடிய ஒலியின் நுணுக்கம் யாருக்கும் கேட்கப் போவதில்லை. வீட்டில் ஒரு சோடி பாடசாலைச் சப்பாத்துக்கு யோசிக்காமல் கொடுக்கும் காசுக்கு மேலே போகத் தேவையில்லை என்பது என் அளவுகோல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் தெரிவுக்குக் குறைவில்லை. பிரபல பெயர் பொறித்த கொப்பிகளுக்கும் குறைவிருக்காது. பெரிய பெயர் ஒன்று நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாமலே இருந்துவிடுங்கள். சின்னப் பெயர், எழுத்தில் வொரண்டி, பில், இவை மூன்றும் அதைவிட மேல். ஒரு கடையில் பெட்டியைத் திறக்கவே விடமாட்டோம் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனோம்.

திறக்க விட்டால் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். உங்கள் போனில், நீங்கள் பஸ்ஸில் கேட்கும் அதே பதிவைப் போடுங்கள். விரிவுரை கேட்பவர் விரிவுரையை, கிராஅத் கேட்பவர் கிராஅத்தை. கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டில் எல்லா ஹேன்ட்ஸ்ப்ரீயும் நன்றாகத்தான் இருக்கும். சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, கடை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்று கேளுங்கள். பேச்சு விளங்குகிறதா? விளங்காவிட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டிக்குள் மூன்று அளவில் ரப்பர் மூடி இருக்கும். நடுத்தர அளவு ஏற்கனவே மாட்டியிருக்கும். நம் பிள்ளைகள் பலருடைய காதுக்கு அது பெரிது. முழுதாக உள்ளே போகாமல் விளிம்பில் நிற்கும். சின்னதை மாட்டி, காதின் மேல் நுனியை மற்றக் கையால் சற்று மேலே இழுத்துக்கொண்டு செருகிப் பாருங்கள். தெருவின் இரைச்சல் கதவு சாத்தியது போல ஒரு படி இறங்கினால் அளவு சரி. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குச் சின்னது. மிஞ்சும் மூடிகளை எறிந்துவிடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், நழுவி விழுவது எப்போதும் மாட்டியிருக்கும் மூடிதான்.